எட்டு மார்க் வளைவு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்கு வினாத்தாள் 44ஆவது கேள்வியோடு முடிகிறது. அது வரைபடம், எட்டு மார்க். அதற்கு முந்தைய 43 வடிவியல், அதற்கும் எட்டு. இரண்டையும் பிசகாமல் போட்டுவிட்டால் 16. பாஸாக வேண்டியது 35. மீதி 19ஐ ஒரு மார்க், இரண்டு மார்க் கேள்விகளில் பொறுக்கிக்கொள்ளலாம். இந்தக் கூட்டல் தெரியாத கணக்கு ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 'மெல்லக் கற்பவர்கள்' என்று பெயரிட்டு மாலை வகுப்பில் உட்கார வைக்கப்படும் பிள்ளைகளின் கையில் முதலில் கிராஃப் ஷீட் கொடுக்கப்படுவது இதனால்தான்.

அங்கே நடப்பது ஒரு பயிற்சி: ஒய் = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்பதை வரை. எக்ஸ் ஒரு வரிசை, எக்ஸ்² ஒரு வரிசை, −4எக்ஸ் ஒரு வரிசை, +3 ஒரு வரிசை. கடைசி மூன்றையும் மேலிருந்து கீழே கூட்டினால் ஒய். வலது மூலையில் அளவுத்திட்டம் எழுது. புள்ளி வை. கையை எடுக்காமல் இணை. 'பரவளையம்' என்று பெயர் எழுது. அடுத்து எக்ஸ்² − 6எக்ஸ் + 9 = 0 என்ற சமன்பாட்டுக்கு அதே படத்தை வைத்துத் தீர்வு காணச் சொல்வார்கள். ஒன்றின் கீழ் ஒன்றை எழுதி, அடையாளத்தை மாற்றிக் கழித்தால் ஒய் = 2எக்ஸ் − 6 என்று ஒரு நேர்க்கோடு வரும். அதையும் வரை, தொடும் இடத்தைக் குறி. வேலை முடிந்தது. ஏன் கழித்தோம்? இரண்டுக்கும் பொதுவான புள்ளியில் என்ன நடக்கிறது? அதற்கு மார்க் கிடையாது. அதனால் கேட்பவரும் கிடையாது.

இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ரிசல்ட் வரும் நாளில் தலைமை ஆசிரியர் முன் நிற்பவர்கள் அவர்கள். முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைக்கு அந்த எட்டு மார்க் வாழ்க்கைப் பிரச்சினை. என் வழக்கு வேறு: பரவளையத்தைப் பத்தாம் வகுப்பில் முதன்முதலாக அறிமுகம் செய்வதே கோளாறு. அதன் இடம் ஆறிலிருந்து எட்டு வரையிலான வகுப்புகள். சமன்பாடு இல்லாமல், பெயர்கூட இல்லாமல், எண்களாகவும் நிலமாகவும் மடித்த தாளாகவும் அங்கே அது வந்துவிட வேண்டும்.

மாணவர்கள் செய்யும் பிழைகளைப் பார்த்தாலே இது விளங்கும். முதல் பிழை, புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைப்பது. வளைய வேண்டியது உடைந்து உடைந்து நிற்கும். இதைச் சோம்பல் என்று திட்டுவது வழக்கம். ஆனால் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அந்தப் பிள்ளை வரைந்த வரைபடமெல்லாம் நேர்க்கோடுதானே? மூன்று புள்ளி வை, ஸ்கேலைப் போடு, இழு. கை அதைத்தான் கற்றிருக்கிறது. இரண்டாவது பிழை, (−3)² என்பதை −9 என்று எழுதுவது. இடது கை வானத்தைப் பார்க்க வேண்டிய வளைவு பாதாளத்தில் பாயும். அப்படிப் பாய்ந்த பிறகும் அந்தப் படம் தப்பு என்று மாணவருக்குத் தோன்றுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே மனசில் இல்லாதபோது எது தப்பென்று எப்படித் தெரியும்? மூன்றாவது பிழை, அடிமுனையை ஊசிபோல 'வி' வடிவில் முடிப்பது. முனைக்கு அருகில் எண்கள் எவ்வளவு சோம்பலாக நகர்கின்றன என்பதைப் பார்க்காத கை அப்படித்தான் வரையும்.

உதாரணத்துக்கு, சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் இருக்கும் சென்னீர்குப்பத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். பூந்தமல்லி ஒன்றியத்தின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் படிப்பவர்கள் எட்டாம் வகுப்போடு அந்தப் பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி, வேறு ஆசிரியர். எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு 44ஆவது கேள்வியோடு சம்பந்தமில்லை. பத்தாம் வகுப்பு ஆசிரியருக்கு இந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் என்ன பார்த்தது என்று தெரியாது. தமிழ்நாட்டில் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு இதுதான் நிலை. இடையில் விழும் அந்தப் பள்ளத்தில்தான் வளைவு தொலைகிறது.

சென்னீர்குப்பத்தில் இதைத் தொடங்கப் பாடப்புத்தகம்கூட வேண்டாம். மேற்குப் புறநகர் முழுவதும் வயல்கள் மனைகளாகிவிட்டன. மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிவரை மெட்ரோ என்ற அறிவிப்பு வந்தபின் மனை விலை பற்றிய பேச்சு சின்னப் பிள்ளைகள் காதிலும் விழாமல் இருக்காது. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது, வீட்டில் கேட்டிருக்கும். இப்போது ஒரு கேள்வி. 200 அடி நீளத்துக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பக் காசு இருக்கிறது. நான்கு பக்கமும் சுவர் வேண்டும். எவ்வளவு பெரிய மனையை வளைக்கலாம்?

அகலம் 10 அடி என்றால் நீளம் 90, பரப்பு 900. அகலம் 20 என்றால் நீளம் 80, பரப்பு 1,600. 30க்கு 70 வைத்தால் 2,100. 40க்கு 60 வைத்தால் 2,400, அதாவது சரியாக ஒரு கிரவுண்டு. 50க்கு 50 என்று சதுரமாக்கினால் 2,500. அதே சுவரில் நூறு சதுர அடி கூடுதல். அகலத்தை 60 ஆக்கினால் மறுபடி 2,400. அங்கிருந்து ஏறிய படிகளில் அப்படியே இறங்குகிறது. ஒரே அளவு சுவருக்குள் இத்தனை வேறுபாடு என்பதே பிள்ளைகளுக்கு முதல் வியப்பாக இருக்கும். பெரியவர்களில் பலருக்கும் அப்படித்தான். சுற்றளவு ஒன்றானால் பரப்பும் ஒன்று என்று நினைத்து மனை வாங்குபவர்கள் உண்டு.

அகலத்தைக் கிடையாகவும் பரப்பை நெடுக்காகவும் வைத்து இந்தப் புள்ளிகளைக் கிராஃப் ஷீட்டில் குறிக்கட்டும். ஒரு குன்று எழும். ஸ்கேலை யாரும் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் 40க்கும் 50க்கும் நடுவில் 45 இருக்கிறது, அதன் பரப்பு 2,475 என்று கணக்கிட்டுப் பார்க்க ஆசை வந்துவிடும். நேர்க்கோட்டில் இணைத்தால் 2,450தான் வரும். இருபத்தைந்து சதுர அடி உதைக்கிறது. வளைவு என்பது ஆசிரியர் சொன்ன விதியாக வராமல், கணக்கே கட்டாயப்படுத்தியதாக வருகிறது.

இதற்குப் பிறகுதான் சுவையான இடம். உச்சியான 2,500லிருந்து ஒவ்வொரு பரப்பும் எவ்வளவு குறைகிறது? 2,400 நூறு குறைவு. 2,100 நானூறு குறைவு. 1,600 தொள்ளாயிரம். 900 ஆயிரத்து அறுநூறு. நூறால் வகுத்தால் 1, 4, 9, 16. வர்க்க எண்கள்! மனை கேட்டுப் போன இடத்தில் இவை எப்படி வந்து நின்றன? 50லிருந்து எத்தனை பத்து அடி விலகினோமோ, அதன் வர்க்கம் அளவுக்கு இழப்பு. ஏழாம் வகுப்பில் இயற்கணிதம் வைத்து இதை நிரூபிக்க வேண்டியதில்லை. சுவர் 240 அடியானால் என்னாகும், 80 அடியானால் என்னாகும் என்று பிள்ளைகளே போட்டுப் பார்த்தால் போதும். உச்சி மாறும், இழப்பின் வரிசை மாறாது.

இன்னொரு படி கீழே போகலாம். 1, 4, 9, 16, 25 என்ற வரிசையில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வித்தியாசம் 3, 5, 7, 9. பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 1, 3, 5, 7, 9. ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் வர்க்கம். ஆறாம் வகுப்பில் புளியங்கொட்டையைச் சதுரமாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் மூலையும் சேர்த்து வளர்த்துக் காட்டிவிடலாம். கலிலியோ சாய்பலகையில் உருண்டைகளை உருட்டிவிட்டுக் கண்டதும் இதே வரிசைதான்: முதல் நொடியில் ஒரு பங்கு விழும் பொருள் அடுத்த நொடியில் மூன்று பங்கு, அதற்கடுத்து ஐந்து பங்கு. அதோடு கிடைமட்ட ஓட்டமும் சேர்ந்தால் எறிந்த பொருளின் பாதை பரவளையம் என்று 1638இல் லெய்டனில் அச்சான நூலில் எழுதினார். மைதானத்தில் தூக்கி அடித்த பந்து ஏன் அப்படி வளைந்து இறங்குகிறது என்று புளியங்கொட்டையிலிருந்து சொல்லிவிட முடிகிற பாடம் இது. (காற்றின் தடையை விட்டுவிட்டால்.)

ஒன்று, மூன்று, ஐந்து என்ற படிகளைத் தெரிந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பின் எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்ன செய்யும்? அது எக்ஸ் அச்சை 1இலும் 3இலும் வெட்டுகிறது. ஆக நடு 2. அங்கே மதிப்பு −1. அதுதான் முனை. அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் ஒன்று ஏறு, அடுத்த கட்டத்துக்கு மூன்று ஏறு, அடுத்ததற்கு ஐந்து: (3, 0), (4, 3), (5, 8). இடப்பக்கமும் அதுவே. ஐந்து வரிசை அட்டவணைக்கு வேலையே இல்லை. தேர்வில் அட்டவணை போட்டே ஆக வேண்டும் என்றால் போடட்டும். ஆனால் அதில் ஒரு எண் தப்பினால் உடனே கண் பிடித்துவிடும். −9 என்று எழுதிய பிள்ளையைக் காப்பாற்ற வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்கிய புதுமுறை என்று யாராவது நினைத்தால், சென்னையில் 1893இல் வெளியான ஒரு நூலை நினைவுபடுத்த வேண்டும். எழுதியவர் தி. சுந்தர ராவ், அரசு வருவாய்த் துறையில் அதிகாரி. அடிசன் நிறுவனம் அச்சிட்ட அந்த ஆங்கில நூல் முழுவதும் தாள் மடிப்பால் வடிவியல். மழலையர் வகுப்புக்கான தாள் மடிப்பு விளையாட்டிலிருந்து அந்த யோசனை வந்ததாக முன்னுரையில் சொல்லியிருக்கிறார். சதுரம், ஐங்கோணம் என்று தொடங்கும் நூல் பரவளையம், நீள்வட்டம் வரை போகிறது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் இதைக் குறிப்பிட, அதைப் பார்த்த இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் தேடிப் பிடித்து 1901இல் சிகாகோவில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள். உலகம் எடுத்துக்கொண்டது. மதராஸின் பள்ளிகள் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தாளில் பரவளையம் எடுப்பது இப்படி. ஏ4 தாளின் கீழ் ஓரத்திலிருந்து மூன்று விரல் உயரத்தில், நடுவாக, ஒரு புள்ளி வையுங்கள். கீழ் ஓரம் அந்தப் புள்ளியைத் தொடும்படி தாளை மடித்து, நகத்தால் தேய்த்து, பிரியுங்கள். ஓரத்தின் வேறோர் இடம் புள்ளியைத் தொடும்படி மறுபடி மடியுங்கள். இருபது, இருபத்தைந்து மடிப்பு ஆனதும் மடிப்புக்கோடுகள் சேர்ந்து ஒரு வளைவைச் சுற்றி நிற்கும். யாரும் வரையாத வளைவு. அதன் மேலுள்ள எந்தப் புள்ளியும் நீங்கள் வைத்த புள்ளிக்கும் தாளின் ஓரத்துக்கும் சம தூரத்தில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் குவியம், இயக்குவரை என்று வந்து பயமுறுத்தும் வரையறை இதுவேதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையால் நகத்தாலேயே செய்துவிட முடிகிறது.

மேலிருந்து நேராக இறங்கும் கதிர்கள் எல்லாம் வளைவில் பட்டுத் திரும்பி அந்த ஒரே புள்ளியில் சேரும் என்பதும் இந்த மடிப்பிலேயே ஒளிந்திருக்கிறது. மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா வேலை செய்வது அதனால். உதகை முத்தோரையில் 1970இல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி இதன் பெரிய உருவம்: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், குறுக்கே வெட்டினால் பரவளையம். அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதற்கு மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. சரிவின் கோணமும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி. அதனால் ஓர் அச்சில் மட்டும் திருப்பினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் தாவரவியல் பூங்காவோடு திரும்பிவிடுகின்றன.

ஓர் எச்சரிக்கை. வளைந்ததெல்லாம் பரவளையம் என்று சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது. மின்கம்பங்களுக்கு நடுவே தொங்கும் கம்பியைக் காட்டி இதுதான் பரவளையம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தொங்கும் சங்கிலியின் வளைவு வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். 1691இல் லைப்னிட்ஸும் ஹைகன்ஸும் யோஹான் பெர்னூலியும் அதன் சரியான வடிவத்தைக் கண்டு வெளியிட்டார்கள். சந்தேகம் வந்தால் புள்ளிகளை அளந்து வித்தியாசங்களை எடுத்துப் பார்க்கலாம். படிகள் ஒற்றைப்படை வரிசைபோல் சீராக ஏறினால் பரவளையம், இல்லையென்றால் இல்லை. எட்டாம் வகுப்புக்கு இது நல்ல சோதனை.

கணினி பற்றியும் சொல்ல வேண்டும். நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று கியூஆர் குறியோடு ஜியோஜீப்ரா பக்கங்கள் இருக்கின்றன. நகர்த்தியை இழுத்தால் வளைவு ஒடுங்கும், விரியும், கவிழும். அழகுதான். ஆனால் ஒரு புள்ளியைக்கூடத் தானே குறிக்காத பிள்ளைக்கு அது திரையில் ஓடும் படம் மட்டுமே. முதலில் நூறு புள்ளி கையால், திரை பிறகு. அப்போது ஒடுங்கிய பரவளையமும் விரிந்த பரவளையமும் உண்மையில் ஒரே வடிவம், வட்டங்களைப் போல எல்லாப் பரவளையங்களும் ஒன்றின் பெரிதாக்கிய, சிறிதாக்கிய படங்களே என்பதைத் திரை அருமையாகக் காட்டும்.

சென்னீர்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு வரைபடம் கற்பிக்கும் வழிகள் எல்லாருக்கும் உதவக்கூடியவை: ரப்பர் விரிப்பின் மேல் கட்டம் புடைத்த தாள், புள்ளிக்கு ஒரு குண்டூசி, ஊசிகளைச் சுற்றி நூல். முனைக்கு அருகில் ஊசிகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதும், விலக விலக உயரம் தாவுவதும் விரலுக்குத் தெரியும். 'வி' வடிவம் அங்கே வர வாய்ப்பில்லை. பார்வையுள்ள பிள்ளைகளின் வகுப்பிலும் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்ய வைக்கலாம்.

இப்படிச் செய்த ஆசிரியர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பி.கே. சீனிவாசன் எண் வரிசைகளின் ஒழுங்கிலிருந்தே இயற்கணிதத்தை எழுப்பியவர். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்தவரும் அவரே. கல்வித் துறை அவரைப் பாராட்டியது. ஆனால் அவருடைய வகுப்புமுறையை மற்ற பள்ளிகளுக்குக் கொண்டுபோகவில்லை.

பாடச்சுமை அதிகமாகாதா என்று கேட்பார்கள். அதிகமாகாது, ஏனென்றால் நான் கேட்பது புது அத்தியாயம் இல்லை. சுற்றளவு, பரப்பு, வர்க்க எண்கள், புள்ளிகளைக் குறித்தல் எல்லாமே ஆறு முதல் எட்டுவரை ஏற்கெனவே உள்ள பாடங்கள். ஆண்டுக்கு நான்கைந்து பீரியடுகளில் அவற்றை ஒன்றாகக் கோக்கச் சொல்கிறேன். ஜப்பானில் ஒன்பதாம் வகுப்புக்கு இணையான ஆண்டில் எக்ஸ் வர்க்கத்தின் மடங்குகளை மட்டுமே வரைகிறார்கள். முனை ஆதிப்புள்ளியை விட்டு நகர்வதெல்லாம் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான். அவ்வளவு நிதானம் நமக்குக் கட்டுப்படியாகாது என்றால், குறைந்தபட்சம் வளைவை முன்கூட்டியே காட்டிவிடலாம்.

தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வு நிலைக்கிறது, 44ஆவது கேள்வியும் நிலைக்கும். எட்டில் ஐந்து மார்க்கை இப்போதுபோல வரைவதற்கே வைத்துக்கொள்ளட்டும். மாலை வகுப்புப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். மீதி மூன்றை இப்படிக் கேட்கலாம்: 200 அடி சுவருக்குள் அகலத்தை 10, 20, 30, 40, 50 அடி என்று வைத்தால் அடங்கும் மனைகளின் பரப்பை ஒரு மாணவி 900, 1,600, 2,100, 2,300, 2,500 என்று எழுதியிருக்கிறாள். இவற்றில் ஓர் எண் தவறு. எது, எப்படிக் கண்டுபிடித்தாய்? பெருக்கிப் பார்த்துச் சொல்லலாம், வரைந்து பார்த்துச் சொல்லலாம், உச்சியிலிருந்து குறைவதை எண்ணியும் சொல்லலாம். மூன்று வழிக்கும் முழு மார்க்.